பொன்னாடையைப் போர்த்துவதா, கையில் கொடுப்பதா? மேடையில் தொடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் பள்ளி ஆண்டுவிழா, பட்டமளிப்பு, சங்க விழா, கட்டடத் திறப்பு என்று மைக் பிடித்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் எனக்கு வரும் போன்களில் பாதி, "கலெக்டர் அம்மாவுக்கு யாருங்க பொன்னாடை போடுறது?" என்றுதான் ஆரம்பிக்கும். அப்புறம் கை கொடுக்கலாமா, மாலை போடலாமா, பசங்களைக் காலில் விழச் சொல்லலாமா என்று நீளும். தனித்தனியாகப் பதில் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பெண் விருந்தினருக்கு ஆண் பொன்னாடை போர்த்தலாமா?

வேண்டாம். இரண்டு உள்ளங்கையிலும் வைத்துக் கொடுங்கள். அவர் விரும்பினால் தாமே போர்த்திக்கொள்வார்.

காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். போர்த்துவது என்றால் துணி சம்பந்தப்பட்ட வேலை என்று நினைக்கிறோம். கிட்டத்தில் நின்று பாருங்கள். இரண்டு கையையும் ஒருவருடைய கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோக வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் கூட இருக்காது. சரிகைத் துணி வழுக்கும், ஒரு பக்கம் இறங்கும், அதைப் பிடித்து இழுத்துத் தோளில் சரிசெய்ய வேண்டும். வீட்டில் அண்ணன் தம்பியைத் தவிர வேறு யாரையும் அவ்வளவு நெருக்கத்தில் விடாத ஒரு பெண், முன்னூறு பேர் பார்க்க, சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும்.

சில வருடம் முன்பு ஒரு பள்ளி ஆண்டுவிழாவில் இது என் கண்முன்னே நடந்தது. செயலாளர் வயதானவர், கெட்ட எண்ணம் கிடையாது. சிறப்பு விருந்தினர் ஒரு பெண் அதிகாரி. பொன்னாடை போர்த்தியதும் வலது தோளிலிருந்து நழுவியது. செயலாளர் பிடித்தார். போட்டோக்காரர், "சார் கண்ணை மூடிட்டீங்க, இன்னொரு தடவை" என்றார். எடுத்துத் திரும்பப் போர்த்தினார். மறுபடியும் நழுவியது. மூன்றாவது தடவை அவர் கை அந்த அம்மாவின் தோளிலேயே நின்றது, துணி விழாமல் இருப்பதற்காக. மறுநாள் காலை எந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது என்று சொல்லவேண்டியதில்லை. அந்த அதிகாரி பிறகு அந்தப் பள்ளிப் பக்கமே வரவில்லை. செயலாளர் ஒரு மாதம் வெளியே தலைகாட்டவில்லை. நிகழ்ச்சி நிரலில் 'செயலாளர் பொன்னாடை அணிவிப்பார்' என்று எழுதிக் கொடுத்தவன் நான்தான். அன்றிலிருந்து என் நிரலில் 'பொன்னாடை வழங்குவார்' என்றுதான் இருக்கும்.

பெண்ணுக்குப் பெண் போர்த்தினால் சரிதானே?

பெரும்பாலும் சரி. நம் ஊரில் அதுதான் வழக்கமும். ஆனால் அதற்காகக் கடைசி நிமிடத்தில் சமையல்கட்டிலிருந்து ஒரு ஆசிரியையைக் கூட்டிவந்து நிறுத்தாதீர்கள். அவர் யார், எதற்காக வந்தார் என்று விருந்தினருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தலைமையாசிரியர் ஆணாக இருந்தால் அவரே கையில் கொடுப்பது அதைவிட மேல்.

கையில் கொடுத்தால் மரியாதைக் குறைவாக நினைக்க மாட்டார்களா?

இந்தப் பயம் பழைய ஆட்களுக்கு உண்டு. 2017இல் தி.மு.க. செயல் தலைவரான கையோடு மு.க.ஸ்டாலின், பொன்னாடையும் மாலையும் வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் கேட்டுக்கொண்டார். அதன் பிறகு கலெக்டர் அலுவலகத்தில் தொடங்கி வார்டு கூட்டம் வரைக்கும் புத்தகம் கொடுப்பது சாதாரணமாகிவிட்டது. புத்தகத்தை யாரும் கழுத்தில் போட முடியாது என்பது எனக்குப் பெரிய நிம்மதி.

துணிதான் கொடுக்கவேண்டும் என்றால் நெசவு செய்யும் ஊர் இது, நல்ல கைத்தறித் துண்டாக வாங்குங்கள். அந்த மினுமினு பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரும் எதற்கும் பயன்படுத்துவதில்லை. நான் ஒரு விழாவில் கொடுத்த பொன்னாடை ஓரத்தில் இருந்த மைக்கறையோடு எட்டு மாதம் கழித்து வேறொரு விழாவில் எனக்கே திரும்பி வந்தது.

கை கொடுப்பதா, கும்பிடுவதா?

முதலில் கும்பிடுங்கள். எதிரில் இருப்பவர் கையை நீட்டினால் குலுக்குங்கள். நீட்டாவிட்டால் அத்தோடு சரி. விருந்தினர் பெண்ணாக இருந்தால் கை நீட்டும் உரிமை முழுக்க அவருடையது. இஸ்லாமியப் பெண்களில் பலர் ஆணுடன் கை குலுக்க மாட்டார்கள், ஆண்களிலும் பெண்ணுடன் குலுக்காதவர்கள் உண்டு. நெஞ்சில் கைவைத்துத் தலையசைத்தால் அதுதான் அவர்கள் வணக்கம். நீட்டிய கையோடு நிற்பவரைவிட, மறுக்கவேண்டி வந்தவருக்குத்தான் அங்கே சங்கடம் அதிகம்.

கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் லண்டனில் ஒரு விழா வாசலில் இளவரசர் சார்லஸ் பழக்கதோஷத்தில் கையை நீட்டிவிட்டு, சட்டென்று இழுத்துக்கொண்டு கும்பிட்ட வீடியோ நினைவிருக்கும். அவருக்கு அது புதுப்பழக்கம். நமக்கு என்ன வந்தது?

இங்கிலாந்து ராணியைத் தொடவே கூடாது என்று சட்டம் இருந்ததாமே?

சட்டம் எதுவும் கிடையாது. கட்டாயமான நடத்தை விதி எதுவும் இல்லை என்று அரச குடும்பத்தின் இணையதளமே சொல்கிறது. ஆண்கள் தலையை லேசாகத் தாழ்த்துவார்கள், பெண்கள் முழங்காலைச் சற்று மடக்குவார்கள், வேண்டாதவர்கள் சாதாரணமாகக் கை குலுக்கலாம். தாமாகத் தொடக்கூடாது என்பது வழக்கம்தான். ஆனால் அந்த வழக்கத்தை மீறினால் பத்திரிகைகள் சும்மா விடாது.

1992இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பால் கீட்டிங் எலிசபெத் ராணியின் முதுகில் கைவைத்து வழிகாட்டினார். லண்டன் பத்திரிகைகள் அவரைப் பல்லி என்று கேலி செய்தன. 2009இல் மிஷெல் ஒபாமா ராணியின் முதுகில் கை போட்டபோதும் தலைப்புச் செய்தி ஆனது. ஆனால் படத்தை நன்றாகப் பாருங்கள், ராணியின் கையும் மிஷெலின் இடுப்புப் பக்கம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் நடுவில் நமக்கு என்ன வேலை?

எனக்குப் பிடித்தது மூன்றாவது சம்பவம். 2017இல் லண்டனில் கனடா மாளிகைப் படிகளில் ராணி இறங்கும்போது கனடாவின் கவர்னர் ஜெனரல் டேவிட் ஜான்ஸ்டன் அவர் முழங்கையைப் பிடித்தார். விதி தெரியாதவரா என்றால், தெரிந்தவர்தான். கம்பளம் வழுக்கியது, 91 வயது அம்மா விழுந்துவிடக் கூடாது என்று பயந்ததாகப் பிறகு சொன்னார். நம் மேடைப் படிகளைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? சவுக்குக் கட்டையில் பலகை அடித்து, மேலே சிவப்புத் துணி போர்த்தி, எங்கே படி எங்கே ஓட்டை என்று தெரியாமல் வைத்திருப்பார்கள். அங்கே வயதானவரின் முழங்கையைப் பிடிக்காமல் நிற்பதுதான் தப்பு. "கை பிடிச்சுக்கிறீங்களாம்மா?" என்று கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

மாணவர்கள் பரிசு வாங்கும்போது காலில் விழச் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். ஒத்திகையில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எண்பது பேருக்குப் பரிசு என்றால் எண்பது தடவை விருந்தினர் பின்னால் நகர்ந்து, "போதும்பா, போதும்மா" என்று சொல்லவேண்டியிருக்கும். நீதிக்கட்சி திராவிடர் கழகமாக மாறியது இதே சேலத்தில், 1944 ஆகஸ்ட் 27இல் நடந்த மாநாட்டில்தான். சுயமரியாதையை அவ்வளவு உரக்கப் பேசிய ஊரின் மேடையில், வரிசையாகப் பிள்ளைகளைக் குனியவைப்பதைப் பார்க்க எனக்கு ஆகாது. இது என் சொந்த அபிப்பிராயம். உங்கள் பள்ளி, உங்கள் இஷ்டம். தலைவர்களே வேண்டாம் என்றிருக்கிறார்கள். 2014இல் பிரதமர் மோடி தம் கட்சி எம்.பி.க்களிடம் காலில் விழவேண்டாம் என்றார். ஸ்டாலினும் 2017இல் அதையே சொன்னார். நின்றதா என்றால், இல்லை.

ஆனால் தானாக வருவதைத் தடுக்கவும் கூடாது. 2001இல் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது வாங்கப் போன மதுரைப் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாவின் காலைப் பிரதமர் வாஜ்பாய் குனிந்து தொட்டார். நிரலில் அப்படி ஒரு வரி இருந்திருக்காது. களஞ்சியம் என்ற சிறுசேமிப்பு இயக்கத்தைக் கட்டி வளர்த்த கூலித்தொழிலாளி அவர். 2019இல் பத்மஸ்ரீ வாங்க வந்த கர்நாடகத்தின் சாலுமரத திம்மக்கா, நூறு வயதைக் கடந்தவர், குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்தின் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தார். மரபு மீறல்தான். குடியரசுத் தலைவர் மாளிகையே அந்த நிமிடம் சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டது. வயதில் மூத்தவர் தொட்டு ஆசீர்வதிப்பதை யாரும் தப்பாகப் பார்ப்பதில்லை. பதவியில் மூத்தவர் தொடும்போதுதான் கணக்கு மாறுகிறது.

மாலையைக் கழுத்தில் போட ஏன் போலீஸ் விடுவதில்லை?

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். மாலையோடு வந்த பெண் ராஜீவ் காந்தியின் காலைத் தொடுவதுபோலக் குனிந்தார். குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு பெரிய தலைவர்களின் பாதுகாப்பு அதிகாரிகளிடம், "சும்மா ஒரு மாலைதானே சார்" என்று யாரும் சொல்லாதீர்கள். யார் யார் அருகே வருவார்கள் என்ற பட்டியல் முன்கூட்டியே கேட்பார்கள். பட்டியலில் இல்லாதவர் மேடை ஏற முடியாது. "கையில் குடுங்க, நகருங்க" என்று கன்மேன் சொன்னால் கோபப்படவேண்டாம். வ.உ.சி. மார்க்கெட்டில் ஆளுயர மாலை கட்டிக்கொண்டு வந்து, அது மேடை ஓரத்து நாற்காலியிலேயே கிடந்து வாடிய கதை எனக்கு நிறையத் தெரியும். முன்னாலேயே பி.ஏ.விடம் கேட்டிருந்தால் அந்தக் காசு மிச்சம்.

கட்டிப்பிடிப்பது?

நண்பர்கள் என்று ஊருக்கே தெரிந்த இரண்டு பேர் கட்டிக்கொள்ளட்டும். 2015 ஜனவரியில் டெல்லி விமான நிலையத்தில் மோடியும் ஒபாமாவும் கட்டிக்கொண்டது அந்த வகை. இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள், இருவர் கையும் சேர்ந்தே நீண்டது.

2018 ஜூலை 20இல் மக்களவையில் நடந்தது வேறு. நம்பிக்கையில்லாத் தீர்மானத்தின்மீது பேசிவிட்டு ராகுல் காந்தி நேராக நடந்துபோய், இருக்கையில் உட்கார்ந்திருந்த மோடியைக் குனிந்து கட்டிக்கொண்டார். அது அன்பா அரசியலா என்று கட்சிக்கு ஒரு பதில் இருக்கும், அதற்குள் நான் போகவில்லை. சபை மரியாதைக்கு இது பொருந்தாது என்று சபாநாயகர் சுமித்ரா மகாஜன் கண்டித்தார். நான் பார்ப்பது நாற்காலியை. உட்கார்ந்திருப்பவரால் பின்னால் நகர முடியாது, எழவும் முடியாது, கையை எங்கே வைப்பது என்றும் தெரியாது. 2006இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் ஜி8 மாநாட்டில் ஜார்ஜ் புஷ் பின்பக்கமாக வந்து ஏஞ்சலா மெர்க்கலின் தோளைப் பிடித்துவிட்டபோதும் மெர்க்கல் உட்கார்ந்துதான் இருந்தார். இரண்டு கையையும் மேலே தூக்கி விதிர்த்துப் போனதை உலகமே பார்த்தது. ஆகவே மேடையில் வரிசையாக அமர்ந்திருப்பவர்களிடம் கைவைக்காதீர்கள், தோளைத் தட்டிக் கூப்பிடுவதுகூட வேண்டாம். முன்பக்கமாக வந்து சொல்லுங்கள்.

"பேத்தி மாதிரி நினைத்துத்தான் கன்னத்தில் தட்டினேன்" என்றால்?

2018 ஏப்ரலில் சென்னை ராஜ்பவனில் நடந்தது இது. பத்திரிகையாளர் சந்திப்பு முடியும் நேரத்தில் கேள்வி கேட்ட பெண் நிருபரின் கன்னத்தில் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் தட்டினார். கண்டனம் எழுந்ததும் பேத்தியாக நினைத்துப் பாராட்டினேன் என்று விளக்கி, வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். மன்னிப்பை ஏற்பதாகவும் விளக்கத்தை ஏற்கவில்லை என்றும் அந்த நிருபர் பதில் சொன்னார். அந்தப் பதிலை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. பேத்தி என்ற உறவைத் தட்டுகிறவர் ஒருவரே முடிவு செய்துகொள்ள முடியாது.

சட்டம் எங்கே நிற்கிறது என்றால், எண்ணத்தையும் பார்க்கும், செயலையும் பார்க்கும். 1988இல் சண்டிகரில் ஒரு விருந்தில், அப்போது பஞ்சாப் போலீஸ் தலைவராக இருந்த கே.பி.எஸ்.கில் ஒரு பெண் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பின்புறத்தில் தட்டினார். பெரிய மனிதர், சின்ன விஷயம், விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னபோதும் அந்த அதிகாரி ரூபன் தியோல் பஜாஜ் விடவில்லை. 1996இல் குற்றம் உறுதியானது, 2005இல் உச்ச நீதிமன்றமும் அதை நிலைநிறுத்தியது. ஒரு தட்டுக்குப் பதினேழு வருட வழக்கு. 2023இல் சிட்னியில் பெண்கள் உலகக்கோப்பைப் பதக்க மேடையில் ஸ்பெயின் கால்பந்துத் தலைவர் லூயிஸ் ரூபியாலஸ், வீராங்கனை ஜென்னி எர்மோசோவின் தலையைப் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். பதவி போனது, 2025இல் தண்டனையாக 10,800 யூரோ அபராதமும் வந்தது. மகிழ்ச்சியில் செய்தேன் என்ற வாதம் எடுபடவில்லை.

நம் நாட்டில் 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 74ஆம் பிரிவு, பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவிக்கும் நோக்கில் பலம் பயன்படுத்தினால் 1 முதல் 5 ஆண்டுவரை சிறை என்கிறது. விழா நடப்பது உங்கள் பள்ளியில், அலுவலகத்தில் என்றால் பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டமும் வரும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். புகாரை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தரவேண்டும். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181. விருந்தினர் பெரிய ஆள் என்பதற்காக, "இதைப் போய்ப் பெரிசு பண்ணாதேம்மா" என்று உங்கள் ஆசிரியையிடம் சொல்லும் முதல் ஆளாக நீங்கள் இருக்காதீர்கள்.

பரிசோ பட்டமோ வாங்க வருபவர் கை கொடுக்காமல் போனால் என்ன செய்வது?

அடுத்த பெயரைப் படியுங்கள். 2025 ஆகஸ்டில் திருநெல்வேலிப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பில் ஒரு முனைவர் பட்ட மாணவி ஆளுநரைத் தாண்டிப் போய்த் துணைவேந்தரிடம் பட்டத்தை வாங்கினார். அடுத்த மாதம் துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இந்திய அணி பாகிஸ்தான் அணியுடன் கை குலுக்காமல் நடந்தது. சரியா தப்பா என்று ஊர் பேசட்டும். மைக் வைத்திருப்பவர் பேசக்கூடாது. "அவசரத்தில் மறந்துட்டாங்க போல" என்று சமாளிக்கப் போனால் இன்னும் மோசமாகும்.

வாசலில் சந்தனம், குங்குமம், பன்னீர்?

தட்டை நீட்டுங்கள், விருந்தினரே எடுத்துக்கொள்வார். நெற்றியில் நீங்கள் வைக்கவேண்டாம். எல்லாரும் குங்குமம் வைப்பவர்கள் இல்லை. பன்னீரைத் தெளிப்பதாக இருந்தால் கைமீது மட்டும், அதுவும் இரண்டு துளி. கண்ணாடி போட்டவர்கள் உங்களைச் சபிப்பார்கள்.

பட்டுப்பாவாடை கட்டிய எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகளை வரவேற்புக்கு நிறுத்தும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. விருந்தினர் பத்தரைக்கு என்று சொல்லிப் பன்னிரண்டுக்கு வருவார். அதுவரை தட்டைப் பிடித்தபடி வெயிலில் நின்ற பிள்ளையின் கன்னத்தை வருகிறவர் போகிறவர் எல்லாம் கிள்ளுவார்கள். பெரியவர்கள் நில்லுங்கள்.

பார்வையற்ற விருந்தினரை எப்படி மேடைக்கு அழைத்துவருவது?

கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் கையருகே கொண்டுபோங்கள், அவர் அதற்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். "இப்ப படி, ஏறணும்" என்று வாயால் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் வருபவரின் நாற்காலியும் அவர் உடம்பைப் போலத்தான். கேட்காமல் தள்ளவேண்டாம்.

போட்டோக்காரர் "கிட்ட வாங்க, தோள்ல கை போடுங்க" என்கிறாரே?

விழாவுக்கு முன்பே அவரிடம் பேசிவிடுங்கள். பாதி வம்பு அவர் வாயிலிருந்துதான் பிறக்கிறது. நினைவுப் பரிசை நடுவில் வைத்து இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரம் பிடித்தால் தானாகவே ஒன்றரை அடி இடைவெளி வந்துவிடும். கேடயம் எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது.

தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது தாமதமாக விருந்தினர் வந்தால் எழுந்து போய் வரவேற்கலாமா?

கூடாது. 55 வினாடிதான். 2021 டிசம்பர் முதல் அது மாநிலப் பாடல், மாற்றுத்திறனாளிகள் தவிர எல்லாரும் எழுந்து நிற்கவேண்டும். வந்தவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்.

ஏற்காட்டில் விழா. அங்கே ஏதாவது தனியாகக் கவனிக்கணுமா?

மலையில் ஒன்று மட்டும் மாறும். மே மாதக் கோடை விழாச் சமயத்தில்கூட மதியம் மூன்று மணிக்கு மேல் பனி இறங்கினால் குளிர ஆரம்பித்துவிடும். கீழே சேலத்தில் வியர்த்துக்கொண்டு கிளம்பி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் ஸ்வெட்டர் எடுத்து வந்திருக்க மாட்டார்கள். போன வருடம் அண்ணா பூங்கா பக்கத்தில் ஒரு சின்னக் கூட்டம். ஒரு பெண் அதிகாரிக்கு நாங்கள் பொன்னாடையை மடித்தபடி கையில் கொடுத்தோம். அவர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். வரவேற்புரை முடிவதற்குள் காற்று மாறியது. மெதுவாகப் பிரித்து, காது வரைக்கும் இழுத்துப் போர்த்திக்கொண்டு, நன்றியுரை முடியும்வரை எடுக்கவே இல்லை. பக்கத்தில் இருந்தவர் தம்முடையதையும் பிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். பிரியுங்க சார் என்று சைகை காட்டினேன்.